பன்னிரண்டாவது மாடம்

கிடென் எங்கள் முற்றத்துக்குக் குடிவந்த அன்று, முதல் காரியமாக என் அண்ணனுடைய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மதில் சூழ்ந்த எங்கள் ஹரர் ஊர் வீடுகளில் நாற்காலி போடுகிற வழக்கமில்லை. உள்ளே நுழைந்தால் ஒரே கூடம். அதில் உயரம் உயரமாக ஐந்து மேடைகள், செம்மண் பூசி விரிப்புப் போட்டிருக்கும். வீட்டுத் தலைவர் எங்கே உட்காருவார், ஓதிப் படித்தவர் வந்தால் எங்கே, பெண்கள் எங்கே என்பதெல்லாம் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வருகிற அறிவு. வாசலை ஒட்டித் தாழ்வாக ஒரு சின்ன மேடை உண்டு. அது பாடம் கேட்க வருகிறவர்களுக்கும், ஒரு வேலையாக வந்து உடனே திரும்புகிறவர்களுக்கும். வெளியூர்க் கண்ணுக்கு எல்லாமே மேடைதானே? அயல்நாட்டு ஊரான ஜூபாவிலிருந்து விமானத்திலும் பிறகு பஸ்ஸிலுமாக வந்து சேர்ந்த பெண், எது வசதியாகப் பட்டதோ அதில் ஏறி, பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

என் அண்ணி தெஹபாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்த நேரம் அண்ணன் அப்துஸமத் தொழுதுவிட்டு உள்ளே வந்தார். ஒரு கணம் நின்றார். பிறகு வாசலோரத் தாழ்ந்த மேடையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு கையைக் கட்டினார்.

"இன்னைக்கு நான்தான் மாணவன். டீச்சரம்மா, பாடத்தை ஆரம்பிங்க."

அவருடைய மகள் மஃப்தூஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிடெனுக்கு அப்போது எங்கள் பேச்சு ஒரு சொல் தெரியாது. ஆனாலும் சிரிப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதற்கு மொழி தேவையில்லை. துள்ளி எழுந்தாள். அண்ணன் "இரும்மா, இரு" என்று கையமர்த்தியும் கேட்கவில்லை. அன்று இறங்கி அந்தத் தாழ்ந்த மேடையில் உட்கார்ந்தவள்தான். பிறகு எத்தனை தரம் கூப்பிட்டாலும் வேறெதிலும் ஏறியதில்லை. கோட்டை மதிலுக்கு வெளியே இருக்கிற மருத்துவக் கல்லூரியில் நர்ஸ் படிப்பு. விட்டு வந்ததும் அங்கே உட்கார்ந்து ஒரு கோப்பை ஹஷாரா குடிப்பாள். காப்பிக்கொட்டையின் தோட்டை வறுத்து நாங்கள் காய்ச்சுகிற பானம் அது. குடித்துவிட்டு ஏணிப்படி ஏறி மேல்கட்டுக்குப் போய்விடுவாள்.

அந்த மேல்கட்டைத்தான் அவளுக்கு விட்டிருந்தோம். கூடத்துக்கு மேலே மரக் கிராதி அடைத்த ஒரு சிற்றறை. முன்னே தானியம் வைத்திருந்த இடம். வந்த வாரமே மஃப்தூஹாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்:

"இதுக்குக் கதவு எங்க?"

"கதவா? வாசலுக்குத்தான் கதவு இருக்கே."

"வீட்டுக்கு இருக்கு. எனக்கு?"

மஃப்தூஹாவுக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் கதவு கிடையாது. மேலே இருப்பவள் இருமினால் கீழே தண்ணீர் எடுத்து வைப்போம். கீழே பேசுவது கிராதி வழியாக மேலே போகும். கிடெனுடையது, ஜூபாவில் சண்டை நடந்த வருஷம் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டு ஓடிய குடும்பம். தாழ்ப்பாள் போட்டுப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம். இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டோம். அப்போதைக்கு அவள் கிராதியில் ஒரு பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டாள். "நம்மளப் பாக்கப் பிடிக்கல போல" என்று அண்ணிக்கு அதில் ஒரு வருத்தம்.

துணி பார்வையை மறைத்ததே தவிரக் காதை மறைக்கவில்லை. அதுவே நல்லதாயிற்று. முதல் வருஷம் முடிவதற்குள் எங்கள் பேச்சு முழுவதையும் அந்தக் கிராதி வழியாகவே கற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு நாள் அண்ணி கீழே, "உப்பு எங்க வெச்சேன்னு தெரியலையே" என்று தனக்குத்தானே புலம்பினாள். மேலேயிருந்து, "ரெண்டாவது மாடத்துல, செம்புக்குப் பின்னால!" என்று எங்கள் மொழியில் பதில் வந்தது. அண்ணி பயந்து கையிலிருந்ததைக் கீழே போட்டாள்.

மாடங்களை அவள் அப்படி அறிந்துவைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. கூடத்துச் சுவரில் பதினொரு மாடங்கள். கிண்ணம், செம்பு, குர்ஆன், கண்ணாடி ஜாடி என்று ஒவ்வொன்றிலும் ஒன்று. அவள் படிப்பில், தலையிலிருந்து கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு என்பார்களாம். அவற்றை வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். அவளுக்கு அது மட்டும் நிற்கவேயில்லை. தாழ்ந்த மேடையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாடத்துக்கு ஒரு நரம்பு என்று குடிவைத்துவிட்டாள். மணம் அறிகிற நரம்பு ஊதுவத்தி வைக்கும் மாடத்தில். பார்வை நரம்பு கண்ணாடி ஜாடியில். இப்படியே பதினொன்று போயிற்று. பன்னிரண்டாவதுக்கு மாடம் இல்லை.

"இன்னொண்ணு கட்டச் சொல்லவா?" என்று அண்ணன் கேட்டார்.

"வேணாம் ஐயா. அதுக்கு வாசலுக்கு மேல இடம் பாத்துட்டேன்."

வாசலுக்கு உட்புறம், நிலைக்கு மேலே, இரண்டு மர முளைகள் உண்டு. அவற்றின்மேல் ஒரு சுருட்டிய கம்பளம் இருந்தது. பன்னிரண்டாவது, நாக்கை அசைக்கிற நரம்பு. அதை அவள் கம்பளத்தின் மேல் உட்கார்த்தி வைத்தாள்.

அந்தக் கம்பளம் எதற்கு அங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. செருப்பை எங்கே கழற்ற வேண்டும், எந்தப் பாத்திரத்தில் கை கழுவ வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்ன நாங்கள் இதைச் சொல்லவில்லை. எங்களுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லையே! கம்பளம் வாசலுக்கு மேலே இருந்தால் அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். பெண்ணுக்கு இடம் முடிவானதும் கம்பளம் இறங்கிவிடும். வந்தவர் கண்ணை உயர்த்திப் பார்த்துத் தெரிந்துகொள்வார், வாய்விட்டுக் கேட்கமாட்டார். பெண்ணின் பெயரைக்கூட எடுக்காமல் இந்த ஊரில் பாதிப் பேச்சை வீடுதான் பேசுகிறது.

மஃப்தூஹாவுக்காக அந்தக் கம்பளம் ஏறிச் சில வருஷம் ஆகியிருந்தது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். தையல் மெஷின் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் நஜ்முதீன், தலைவலி, வயிற்றுவலி, கழுத்துவலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்தான்.

"அவ்வளவு வியாதியோட ஒருத்தன் உயிரோட இருக்க முடியாது," என்று கிடென் அவளைச் சீண்டுவாள். "ஒண்ணு அவன் செத்துருக்கணும், இல்ல உன்னக் கட்டிக்கணும்."

"வாய மூடுடி. கீழ கேக்கும்."

"கீழ கேட்டா நல்லதுதானே? உனக்குச் சொல்ற வேலை மிச்சம்."

மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு நஜ்முதீனின் பெரியப்பா மஹ்தி, கூட இரண்டு பெரியவர்களோடு "சும்மா பார்க்க" வருவதாகத் தகவல் வந்தது. சும்மா பார்க்க மூன்று பெரியவர்கள் வருவார்களா? அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. வியாழக்கிழமை அண்ணி, மஃப்தூஹா, நான் மூன்று பேரும் சந்தைக்குக் கிளம்பினோம். போகும்போது மஃப்தூஹா கிடெனின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்து பேசிட்டுப் போயிடுவாங்கல்ல? எனக்கு வயிறு என்னமோ பண்ணுது" என்றாள்.

"அவனோட வயித்துவலி உனக்கு ஒட்டிக்கிச்சு. போ. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். நாங்கள் திரும்பி வந்தபோது கூடம் கண்ணாடி மாதிரி இருந்தது. செம்புகள் மின்னின. விரிப்பெல்லாம் உதறிப் போட்டிருந்தாள். அண்ணி, "மகளே, நீ நல்லா இருக்கணும்" என்று அவள் தலையில் கைவைத்தாள். வந்து ஒன்றரை வருஷத்தில் அவளை மகளே என்று அண்ணி கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கிடென் வெட்கப்பட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு, காஞ்சதும் முடிச்சிடறேன்" என்றாள். எது காய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். அண்ணன் தன்னுடைய மேடையை மஹ்திக்குக் கொடுத்துவிட்டு, மரியாதைக்குக் கீழே, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நானும் அண்ணியும் முற்றத்துச் சமையல்கட்டில் இருந்தோம். பேச்சு மழையைப் பற்றி ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் போயிற்று. ஹஷாரா இரண்டு சுற்று ஆயிற்று. மறுபடியும் மழைக்கு வந்தது. பிறகு மஹ்தி எழுந்து, "அல்லா பரக்கத் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டார்.

அண்ணன் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றார்.

"என்ன சொன்னாங்க?" என்று அண்ணி ஓடி வந்தாள்.

"மழை நல்லா பெய்யுதாம்."

"அப்புறம்?"

"அப்புறமும் மழைதான்."

அன்று யாரும் சாப்பிடவில்லை. பெண்ணிடம் என்ன குறை கண்டார்கள், நாங்கள் வைத்ததில் என்ன குறை என்று அண்ணி தேடித் தேடி அழுதாள். மஃப்தூஹா அழவில்லை. மேல்கட்டுக்கு ஏறிப்போய், அந்தப் பூப்போட்ட துணிக்குப் பின்னால் கிடெனின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். "நாளைக்கும் அவன் கடைக்கு வருவானா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாளாம். சனிக்கிழமை அவன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அஃபோச்சா கூடியது. அஃபோச்சா என்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் தோள்கொடுக்கிற எங்கள் பெண்கள் சங்கம். இதில் ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி தும்மக்கூட முடியாது. உள்ளே போனதும் ரவ்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள்.

"வாம்மா வா. பொண்ணுக்கு முடிச்சிட்டியாமே. வெளியூரா? பணக்காரங்களா? எங்க கிட்ட சொன்னா சோத்துல பங்கு கேப்போம்னா?"

"யாருக்கு முடிச்சேன்? என்னடி உளர்ற?"

"நான் ஏன் உளர்றேன்? பெரியவர் மஹ்தி உங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போயிருக்காரு. கம்பளம் இறங்கிருச்சாம். அடுத்தவங்களுக்குப் பேசின பொண்ணை எப்படிக் கேக்கறதுன்னு மனுஷன் கூனிக்குறுகித் திரும்பி வந்தாராம். பாவம், அந்தப் பையன் கடையைத் திறக்கல."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அண்ணியைப் பார்த்தேன். ஷாலைக்கூடச் சரியாகப் போடாமல் இருவரும் வீட்டுக்கு ஓடினோம். உள்ளே போய்த் திரும்பி நின்று நிமிர்ந்து பார்த்தோம். இரண்டு முளைகளும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று நாளாக அதற்குக் கீழேதான் போய்வந்துகொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தர் கண்ணை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் தினமும் அந்தக் கம்பளத்தைப் பார்த்தவள் ஒருத்திதான், அவள்தான் எடுத்திருந்தாள்.

கேட்டபோது மறைக்கவில்லை. "ஐயாவுக்கு இழுப்பு இருக்கு. அதுல அவ்வளவு தூசி. நரம்பு ஒப்பிக்கப் பாக்கும்போதெல்லாம் எனக்குத் தும்மல் வரும். தோய்ச்சு மொட்டைமாடியில போட்டிருக்கேன். மழையில காயவே மாட்டேங்குது," என்றாள். இரும்புபோல் கனக்கிற பழைய கம்பளி, அது எங்கே காய்வது! அப்போதும் அவளுக்கு விஷயம் புரியவில்லை. மஃப்தூஹா மெல்லச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கிடெனின் முகம் சாம்பலாகிவிட்டது. ஏணிப்படி ஏறிப் போனாள்.

"சரி, ஆனது ஆச்சு," என்றேன் நான். "யாரையாவது அனுப்பிச் சொல்லிட்டா..."

"யாரை அனுப்ப?" என்று அண்ணி வெடித்தாள். "பொண்ணு வீட்டுக்காரங்க படியேறிப் போய், ஐயா எங்க பொண்ணு இன்னும் இருக்கா, வந்து கேளுங்கன்னு சொல்லவா? நீ போவியா? உன் அண்ணன் போவாரா? ஊர் சிரிக்காது?"

அவள் சொன்னது ஊர் வழக்கம். கேட்பது பையன் வீடு. பெண் வீடு வாயைத் திறக்காது. மஃப்தூஹாவே கடைவீதியில் அவனிடம் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்தப் பேச்சு அவள் ஆயுசுக்கும் அவள் பின்னால் வரும்.

அண்ணிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மேலே கேட்கும் என்று மறந்து பேசினாளா, கேட்கட்டும் என்றே பேசினாளா தெரியாது.

"வந்த அன்னைக்கே வீட்டுக்காரர் எடத்துல ஏறி உக்காந்தா. அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கணும். மாசம் முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்கச் சொல்லு."

அண்ணன், "தெஹபா" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வரும்.

வேறு இடம் என்று சொல்வது எளிது. கல்லூரி விடுதியில் வருஷ ஆரம்பத்தில் விட்டால் இடம் கிடையாது. உறவு இல்லாத அயல்நாட்டுப் பெண்ணுக்கு நடுவருஷத்தில் யார் வீடு தருவார்கள்? இந்த மேல்கட்டு போனால் படிப்பும் போகும். அவள் ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸைப் பார்க்க வேண்டியதுதான். இது அண்ணிக்கும் தெரியும். சொன்ன பிறகு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏணிப்படி கிறீச்சிட்டது. கிடென் இறங்கி வந்தாள். பெட்டியோடு வருகிறாள் என்று நினைத்தேன், வெறுங்கையோடு வந்தாள். வந்து வழக்கமான தாழ்ந்த மேடையில் உட்காரக்கூட இல்லை, அதன் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க யாரும் போய்ச் சொல்லக்கூடாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றார் அண்ணன்.

"நான் இந்த வீட்டுப் பொண்ணா?"

"இல்ல!" என்றாள் அண்ணி, அவள் பக்கம் திரும்பாமலே.

"அப்ப நான் போகலாம்."

எங்களுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது, அவள் சொன்னது உறைக்க. அதற்குள் அவள் மொட்டைமாடி ஏறிவிட்டாள். ஈரத்தோடு ஈரமாகக் கம்பளத்தைச் சுருட்டி, தலையில் ஒரு சும்மாடு கூட்டி, மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் பெண்கள் தலையில் தண்ணீர் கொண்டுபோவதுண்டு, விறகு கொண்டுபோவதுண்டு. வாசல் கம்பளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் நடுத்தெருவில் போன பெண்ணை அன்றுதான் ஊர் பார்த்தது. அண்ணி "ஐயோ, பிடி அவளை!" என்றாள். பிடிக்கப் போகிறவள் மாதிரி நானும் எழுந்து பின்னாலேயே போனேன், பிடிக்கவில்லை.

சந்துகளில் அவள் போகப் போகச் சுவரோரம் ஒதுங்கி நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தையல் மெஷின் தெருவில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "அது அப்துஸமத் வீட்டுக் கம்பளம் இல்ல?" என்று ஒருத்தர் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை. கம்பளத்திலிருந்து வழிந்த தண்ணீர் அவள் தோளை நனைத்தது. நேரே ஃபல்லானா என்கிற கோட்டை வாசல் பக்கம், நஜ்முதீனின் தாயார் நூரியாவின் முற்றக் கதவின் முன்னால் போய் நின்றாள். நான் சந்து முனையோடு நின்றுவிட்டேன். நான் பெண் வீட்டுக்காரி அல்லவா? உள்ளே நடந்ததைக் கிடெனும் சொன்னாள், பிறகு சம்பந்தியான நூரியாவும் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிற மட்டும் எழுதுகிறேன்.

"யாரு?" என்றாளாம் நூரியா.

"ஒரு உதவி வேணும்மா. இந்தக் கம்பளம் எங்க முற்றத்துல காயமாட்டேங்குது. உங்க மதில்ல வெயில் நல்லா விழுது. கொஞ்ச நேரம் போட்டுக்கலாமா?"

"ஊர்ல வேற மதிலே இல்லையா?"

"இருக்கு. இந்த மதில்தான் நல்லா இருக்குன்னு தோணுச்சு."

நூரியா கம்பளத்தைப் பார்த்தாள். ஓரத்துச் சிவப்புக் கரையைப் பார்த்தாள்.

"இது எந்த வீட்டுது?"

"அப்துஸமத் ஐயா வீட்டுது. வாசலுக்கு மேல இருக்கறது."

"அது இறங்கிருச்சுன்னு சொன்னாங்களே."

"ஆமா. நான்தான் இறக்கினேன். தும்மல் வந்துச்சு."

"நீ இறக்கினியா? நீ யாரு?"

"மேல்கட்டுல குடியிருக்கேன். நர்ஸ் படிக்கறேன். ஊரு ஜூபா."

"ஏம்மா, அடுத்தவங்க வாசல்ல கை வெக்கறதுக்கு முன்னாடி கேக்கமாட்டியா?"

"தூசிதானேன்னு நெனச்சேன். உங்க ஊர்ல தூசிக்குக் கீழகூடப் பேச்சு இருக்கும்னு யாரும் சொல்லலம்மா. அந்த வீட்டோட நாக்கைக் கழட்டித் தோய்ச்சுப் போட்டுட்டேன். அவங்களால இப்ப ஒரு வார்த்தை பேச முடியல."

இந்த இடத்தில் நூரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். சிரித்தவள், கிடெனின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "அவங்க அனுப்பினாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. என்னைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் அந்த வீட்டுப் பொண்ணு இல்ல. அதனாலதான் வந்தேன்."

நூரியா கம்பளத்தின் ஒரு முனையைத் தானே பிடித்து மதில்மேல் விரித்தாள். பெண்ணைப் பற்றியோ, பையனைப் பற்றியோ, பெரியவர்கள் வந்து போனதைப் பற்றியோ இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. போகும்போது மட்டும் சொன்னாள்:

"இது காய நாலஞ்சு நாள் ஆகும். நீ திரும்ப வராதே. எங்க ஆளுங்களே கொண்டு வந்து சேர்ப்பாங்க. வெள்ளிக்கிழமை வாக்குல."

கிடென் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னாள். அண்ணி "வெள்ளிக்கிழமையா சொன்னாங்க? வெள்ளிக்கிழமைன்னே சொன்னாங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஆனால் காலி பண்ணச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பெரியவள் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது என்று தெரியாமல் அந்த நாலு நாளும் அவள் கிடெனின் முகத்தையே பார்க்காமல் நடமாடினாள். கிடென் மேலே புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். கிராதி வழியாகக் கயிறு முடிகிற சத்தம் கீழே கேட்டது.

வெள்ளிக்கிழமை கோட்டை மதில் வாசல் வரைக்கும் ஒரு நீல பஜாஜ் ஆட்டோவில் வந்தார்கள். கம்பளம் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். சந்துக்குள் வண்டி வராது. இறங்கி, பெரியவர் மஹ்தியே ஒரு முனையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார்.

"அப்துஸமத், உங்க வீட்டுப் பொருள் எங்க வீட்டுல இருந்துச்சு. கொண்டு வந்திருக்கேன். இதை எங்க வெக்கறது?"

"இப்படிக் கீழ போடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றார் அண்ணன் பதறி.

"கீழயா? அதெல்லாம் முடியாது. முதல்ல இது இருந்த எடத்துக்கு ஏறட்டும். ஏறின பிறகுதான் இறக்கறதைப் பத்திப் பேசமுடியும்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததைப் பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். முளைகள் உயரம்; ஏறி வைக்க ஆள் வேண்டும். மேலே கிராதியைப் பார்த்து, "டீச்சரம்மா, இறங்கி வாங்க. இறக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஏத்தவும் தெரியணும்," என்று கூப்பிட்டார். கிடென் வந்து மேடைமேல் ஏறி நின்று கம்பளத்தைத் தூக்கி வைத்தாள். ஹஷாரா வந்தது. மழையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்கள். அன்று சாயங்காலமே கம்பளம் மறுபடி இறங்கியது. இந்தத் தடவை அண்ணியே இறக்கினாள், குலவைச் சத்தத்தோடு.

கிடெனின் புத்தகக் கட்டை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. மறுநாள் காலை அது அவிழ்ந்து கிடந்தது, புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நான் அவிழ்க்கவில்லை. மஃப்தூஹாவும் இல்லை என்றாள்.

கல்யாணம் நடந்தது. மஃப்தூஹா ஃபல்லானா வாசல் பக்கம் போய்விட்டாள். நஜ்முதீனுக்கு எல்லா வியாதியும் தீர்ந்தது. வீடு சத்தமில்லாமல் போயிற்று. மேல்கட்டில் அந்தப் பூப்போட்ட துணி எப்போது அவிழ்ந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் அண்ணி அதில் ரொட்டி மூடி வைத்திருந்ததைப் பார்த்தேன். கிடென் மூன்றாம் வருஷத்துக்குப் போனாள். தாழ்ந்த மேடையில் உட்கார்ந்து மாடம் மாடமாகப் பார்த்து உதடசைப்பாள். பதினொன்று வரை கடகடவென்று போவாள். பன்னிரண்டாவதுக்கு நிமிரும்போது மட்டும் வெறும் முளைகளைப் பார்த்து ஒரு நொடி நிற்பாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிந்து களைத்து வந்தாள். நானும் கூடத்தில்தான் இருந்தேன். ஹஷாராவைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, வழக்கம்போல் ஆரம்பித்து, வாசலுக்கு மேலே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிவப்புக் கரைக் கம்பளம் சுருட்டி ஏற்றியிருந்தது.

"யாரு வந்திருக்கா? உங்க தங்கச்சி மகளா?"

"ஒருத்தரும் வரல," என்றாள் அண்ணி, கீரை ஆய்ந்துகொண்டே.

"அப்புறம் இது எதுக்கு மேல இருக்கு?"

"இந்த வீட்டுல கல்யாணம் ஆகாத பொண்ணு ஒருத்தி இருக்கால்ல? இருக்கறவளை இல்லேன்னு சொல்ற மாதிரி முளையை மொட்டையா வெச்சிருந்தா, அது பொய்தானே?"

கிடென் கோப்பையைக் கீழே வைத்தாள். காலையிலேயே ரவ்தா வந்து பார்த்துவிட்டு, "அது சர்ச்சுக்குப் போற பொண்ணாச்சே, அதுக்கா கம்பளம்?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். "கம்பளம் பொண்ணு இருக்கான்னுதான் சொல்லும், வேறெதுவும் சொல்லாது" என்று அண்ணி அவளை அனுப்பிவிட்டாள். அதை நான் கிடெனிடம் சொல்லவில்லை.

"அம்மா, எனக்குப் பரீட்சை இருக்கு. யாராவது கேட்டு வந்துட்டா என்ன பண்றது?"

"வரட்டும். ஹஷாரா குடுப்போம். மழையைப் பத்திப் பேசி அனுப்பிடுவோம். எங்களுக்கு அது பழக்கம்தான்."

கிடென் மறுபடி மேலே பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்து, அடக்கப் பார்த்து, முடியாமல் பெரிதாக ஒரு தும்மல் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தும்மலுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே துடைத்துக்கொண்டாள்.

"தூசி இருக்கும்மா அதுல."

"இருக்கட்டும்," என்றாள் அண்ணி. "கை வெச்சுப் பாரு, தெரியும் சேதி."